சான்றிதழ் சரி, வாட்ச் சரியில்லை: ஒரு ஸ்விஸ் ஆட்டோமேட்டிக்கைத் திறந்து பார்த்த அனுபவம்

முதலில் கோளாறைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலை கொடுத்த ஸ்விஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச், நேரம் துல்லியமாக ஓடும் என்று சோதித்துக் கொடுக்கும் குரோனோமீட்டர் சான்றிதழோடு வந்தது. பகல் முழுக்கக் கையில் கட்டியிருந்தாலும் ராத்திரி கழற்றி டயல் மேலே பார்க்க மேசையில் வைத்தால் காலையில் பத்துப் பன்னிரண்டு செகண்ட் பின்தங்கியிருக்கும், சில நாள் விடியற்காலை நாலு மணிக்கே நின்றும் போயிருக்கும். வாட்ச் என் சித்தப்பாவுடையது. வங்கியில் ஓய்வு பெற்றபோது பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. வாரண்டி இருக்கும்போதே சென்னையில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை போய் வந்தது, இரண்டு முறையும் "நிர்ணயித்த வரம்புக்குள் ஓடுகிறது" என்று சீட்டு எழுதித் திருப்பிவிட்டார்கள். அதற்குள் வாரண்டியும் முடிந்தது.

"இன்னாப்பா இது, எங்க கல்யாணத்துக்கு மாமனார் போட்ட எச்எம்டி இன்னும் ஓடிக்கினு இருக்குது, இது ராத்திரியானா படுத்துக்குது" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். கம்பெனி பெயரையும் மாடலையும் எழுதப் போவதில்லை. இந்த மாதிரிக் குறை இந்த விலையில் வரும் எந்த வாட்சிலும் இருக்கலாம், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

என்னைப் பற்றி ஒரு வரி: நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. வேலூர் லாங்கு பஜார் பக்கம் வாட்ச் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். அவர் எச்எம்டி காலத்து ஆள், பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு, அதை மாற்றுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் மட்டும் நான் வாங்கி வைத்திருக்கிறேன், அவருக்கும் தேவைப்படும்போது அதைக் கடைக்கு எடுத்துப் போவேன்.

சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாக இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, ஓய்வு பெற்றவர் என்பதால் கை அசைவு போதவில்லை, ஆட்டோமேட்டிக் தானாகச் சாவி ஏற்றிக்கொள்ள அசைவு வேண்டும் என்பது. இரண்டாவது, வேலூர் வெயிலுக்கு உள்ளே இருக்கும் ஆயில் இளகிவிடும் என்பது. இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சித்தப்பா தோட்டப்பாளையத்திலிருந்து விடிந்ததும் கிளம்பிக் கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறவர், அப்புறம் காய்கறி, பால், கோயில் என்று பகலெல்லாம் கை ஆடிக்கொண்டேதான் இருக்கும். மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களை விட அவர் கை அதிகம் அசைகிறது. வெயில் விஷயத்தில், மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் குரோனோமீட்டர் சோதனையிலேயே 38 டிகிரியில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். போதாததற்கு, இந்த வாட்ச் நிற்பது விடியற்காலையில், நாளிலேயே குளிர்ந்த நேரத்தில். டிசம்பரிலும் நின்றிருக்கிறது. வெயில் காரணமென்றால் மத்தியானம் அல்லவா நிற்க வேண்டும்?

அடுத்து காந்தம். மெக்கானிக்கல் வாட்ச் நேரம் தவறினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் செலவே இல்லாத சோதனை. சின்னத் திசைகாட்டி ஒன்றை வாட்ச் பக்கத்தில் நகர்த்தினால் முள் துடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி வாட்ச் வேகமாக ஓடும், ஒரு நாளில் நிமிடக்கணக்கில் கூட முந்தும். இங்கே வாட்ச் பிந்துகிறது, திசைகாட்டியும் அசையவில்லை. காந்தம் இல்லை.

பிறகுதான் டைம்கிராஃபரில் வைத்தேன். தெரியாதவர்களுக்காக: வாட்சை ஒரு மைக் மேல் வைத்தால் அது டிக் சத்தத்தைக் கேட்டு, ஒரு நாளுக்கு எத்தனை செகண்ட் முந்தும் பிந்தும், பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது, இரண்டு பக்க ஆட்டமும் சமமாக இருக்கிறதா என்று காட்டும். இந்த வாட்சுக்குள் ஓடும் மெஷின் மணிக்கு 28,800 பீட். செகண்டுக்கு எட்டு டிக், ஒரு நாளைக்கு 6,91,200 டிக். ஒரு நாளின் 86,400 செகண்டில் பத்து செகண்ட் தவறினால் பிழை சுமார் 0.01 சதவீதம்தான். அவ்வளவு நுட்பமான சாமான் இது, அதனால் பத்து செகண்டுக்காக மெஷினைத் திட்ட எனக்கு மனம் வராது. நிற்பது வேறு. நிற்கிற வாட்சுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் திருகான கிரவுனைத் திருகி முழுச் சாவி கொடுக்கும்போதே முதல் தடயம் கிடைத்தது. பின்பக்கம் கண்ணாடி மூடி என்பதால் உள்ளே தெரிகிறது. நான் கையால் சாவி கொடுக்கக் கொடுக்க, கை அசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் எடைத்தகடான ரோட்டரும் கூடவே சுற்றியது. அப்படிச் சுற்றக் கூடாது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே போனேன்.

முழுச் சாவியில் டயல் கீழே பார்க்க வைத்தால் நாளுக்கு +3 செகண்ட், வீச்சு 285 டிகிரி, இரண்டு பக்க ஆட்டத்தின் வித்தியாசமான பீட் எரர் 0.2 மில்லிசெகண்ட். கிரவுன் கீழே, கிரவுன் இடப்பக்கம், கிரவுன் மேலே என்று நிறுத்தி வைத்த நிலைகளிலும் 255-லிருந்து 265 வரை வீச்சு, நேரம் +1 முதல் +5 வரை. அருமையான எண்கள். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்து மறுபடி பார்த்தபோதும் வீச்சு 230-க்குக் கீழே இறங்கவில்லை. மெஷின் குற்றவாளி இல்லை என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

டயல் மேலே பார்க்க வைத்தபோதுதான் வேடிக்கை. சராசரி +2 என்றுதான் காட்டியது, யாரும் குறை சொல்ல முடியாத எண். ஆனால் சராசரி எடுக்கும் நேரத்தை மிகக் குறைந்த அளவுக்கு மாற்றி வைத்துப் பார்த்தால், டிக்குகளை வைத்துத் திரையில் வரையப்படும் கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் உடைந்து, வீச்சு 283-லிருந்து 250-க்கு விழுந்து, உடனே மேலே ஏறுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே மாதிரி. ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை.

நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் முதலில் சந்தேகப்படுவது செகண்ட் முள் பொருத்தியிருக்கும் நாலாவது சக்கரம். அது 60 செகண்டில் ஒரு சுற்று, பல்லில் ஒரு தூசி சிக்கியிருந்தால் 60 செகண்டுக்கு ஒரு முறை இடறும். இன்னொரு சாத்தியம், செகண்ட் முள் நிமிட முள்ளைத் தாண்டும்போது உரசுவது. அதுவும் நிமிடத்துக்கு ஒரு முறை மாதிரித்தான் தெரியும், ஆனால் கணக்குப் போட்டால் வேறு. செகண்ட் முள் ஒரு சுற்று முடித்து வருவதற்குள் நிமிட முள் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதையும் எட்டிப் பிடிக்க வேண்டும். 3600-ஐ 59-ஆல் வகுத்தால் 61.02 செகண்ட். ஒரு முறை பார்த்தால் இந்த ஒரு செகண்ட் வித்தியாசம் பிடிபடாது. பதினைந்து இடறல் வரை போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறித்தால் ஒன்று 900 செகண்டில் வரும், மற்றது 915-ல் வரும். எனக்கு 915 வந்தது. ஆக உரசல் முள்ளில்தான், சக்கரத்தில் இல்லை. வாட்சைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்க முடிந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

டயல் மேலே பார்க்க வைத்தால் மட்டும் ஏன் என்று பாயிடம் கேட்டேன். சக்கரங்களின் அச்சுக்கு மேலும் கீழும் மயிரிழை அளவு இடைவெளி விட்டுத்தான் பொருத்துவார்கள். டயல் மேலே இருக்கும்போது அச்சு பின்மூடிப் பக்கம் இறங்கும், அதோடு சேர்ந்து செகண்ட் முள்ளும் டயலை நோக்கி இறங்கும். கவிழ்த்து வைத்தால் முள் விலகிவிடும். "தம்பி, மெஷினைத் தொடாத. மொதல்ல முள்ளப் பாரு, அப்பறம் ரிவர்ஸ் வீலைப் பாரு" என்றார். ரிவர்ஸ் வீல் என்பது ரோட்டரின் சுற்றைச் சாவியாக மாற்றும் சின்னச் சக்கரம். ரோட்டர் கூடவே சுற்றுகிறது என்று நான் சொன்னதுமே அவருக்கு அது புரிந்துவிட்டது.

இப்போது சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கோளாறு முழுக்க அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஸ்விஸ் குரோனோமீட்டர் சான்றிதழை சிஓஎஸ்சி என்ற தனி அமைப்பு கொடுக்கிறது. ஐஎஸ்ஓ 3159 தரப்படி 15 நாள், ஐந்து நிலை, 8, 23, 38 டிகிரி என மூன்று வெப்பநிலை, நாளொன்றுக்குச் சராசரியாக -4 முதல் +6 செகண்டுக்குள் இருக்க வேண்டும். கடுமையான சோதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சோதிக்கப்படுவது மெஷின் மட்டும். கேஸுக்குள் போவதற்கு முன்னால், சோதனைக்கென்று போடும் டயலும் செகண்ட் முள்ளும் வைத்துத்தான் பார்ப்பார்கள். சாவியையும் அங்கே தினமும் இயந்திரம் கொடுத்துவிடும், ரோட்டர் சுற்றி ஏற்ற வேண்டியதில்லை. அதற்கப்புறம் மெஷின் கம்பெனிக்குத் திரும்பிப் போய், உண்மையான டயல், உண்மையான முட்கள், ரோட்டர், கேஸ், கண்ணாடி எல்லாம் அங்கே சேர்கின்றன. சித்தப்பாவின் வாட்சில் இருந்த இரண்டு குறையும் சான்றிதழ் பார்க்காத இரண்டு இடத்தில்தான் இருந்தன: முள்ளிலும் தானியங்கிச் சாவியிலும். சர்வீஸ் சென்டரும் கையால் முழுச் சாவி கொடுத்து, சராசரி எண்ணைப் படித்து, வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. அவர்கள் எழுதியது பொய் இல்லை, சரியான கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

திறப்பதற்கு முன் ஒரு சாவியிறக்கச் சோதனை பாக்கி. வாட்சை முழுக்க நின்றுபோக விட்டு, கையால் சாவியே கொடுக்காமல் ஒரு பகல் முழுக்க சித்தப்பாவைக் கட்டச் சொன்னேன். கழற்றிய பிறகு எட்டு மணி நேரம் கூட ஓடவில்லை. கையால் முழுச் சாவி கொடுத்தால் இதே வாட்ச் 38 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. சாவியின் சக்தியைச் சேர்த்து வைக்கும் மெயின்ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, ரோட்டரின் சுற்று அதற்குப் போய்ச் சேரவில்லை. சாவி குறைந்த அந்த நிலையில் முள் உரசலும் சேரும்போதுதான் ராத்திரி பின்தங்கி, நின்றும் போகிறது.

காலை ஐந்து மணிக்கு வேலையை ஆரம்பித்தேன். வேலூரில் கோடையில் வாட்ச் வேலை செய்ய அதுதான் நேரம். ஃபேன் போட்டால் தூசியும் ஸ்க்ரூவும் பறக்கும், போடாவிட்டால் வியர்வை, வியர்த்த விரல் பித்தளையில் பட்டால் கறை நாலு மாதத்தில் வெளியே தெரியும். விரலுறை போட்டுத்தான் தொட வேண்டும்.

பின்மூடியைக் கழற்றி, ஆட்டோ பகுதியின் ஸ்க்ரூக்களை எடுத்தால் ரோட்டரோடு அது தனியாக வந்துவிடும், கீழே மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ரிவர்ஸ் வீல்கள் இரண்டு. ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் மெயின்ஸ்பிரிங் ஒரே பக்கமாக ஏறுவதற்கு இவைதான் காரணம். சைக்கிள் பின்சக்கரத்து ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். உள்ளே இருக்கும் நாக்குகள் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னவை, அதனால் இவற்றுக்கு ஆயில் ஊற்றவே கூடாது. லுபேட்டா வி105 மாதிரி ஒரு கரைசலில் முக்கி எடுத்துக் காயவிட்டால் மெல்லிய படலம் மட்டும் தங்கும், அது போதும். ஐகிளாஸில் பார்த்தேன், இரண்டு வீலிலும் ஆயில் வழிந்து வளையம் கட்டி நின்றது. பிடிக்க வேண்டிய பக்கம் வழுக்குகிறது, வழுக்க வேண்டிய பக்கம் ஒட்டிப் பிடிக்கிறது. கையால் சாவி கொடுக்கும்போது ரோட்டர் கூடவே சுற்றியதும் இதனால்தான்.

இந்த வாட்ச் வாங்கியதிலிருந்து யாரும் திறந்ததில்லை. சர்வீஸ் சென்டரில் மூடியைக் கூடக் கழற்றவில்லை என்பது பின்மூடியின் வெட்டுகளில் ஒரு கீறல் இல்லாததிலேயே தெரிந்தது. ஆக இந்த ஆயில் தொழிற்சாலையிலேயே வைத்தது. ரோட்டரில் தங்க எழுத்து, பாலத்தில் அலை அலையாகக் கோடு, ஸ்க்ரூத் தலைகள் நீல நிறம், எல்லாம் பார்க்கப் பார்க்க அழகு. அந்த அழகுக்குச் செலவிட்ட நேரத்தில் ஒரு துளியை இந்த இரண்டு வீலைச் சுற்றிப் பார்ப்பதற்குச் செலவிட்டிருந்தால் ஒரு மனிதர் காட்பாடிக்கும் சென்னைக்கும் ரயிலில் அலைந்திருக்க மாட்டார். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

வீல்களைச் சாமணத்தால் எடுத்து, லைட்டர் பெட்ரோலில் நன்றாக அலசி, உலர்த்தி, வி105-ல் முக்கி மறுபடி உலரவிட்டேன். ஊசிமுனையால் ஒவ்வொரு வீலையும் இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தால் ஒரு பக்கம் தயங்காமல் ஓடியது, மறுபக்கம் உடனே பிடித்தது. மாட்டி முடித்து ரோட்டரை லேசாகச் சாய்த்தபோது மெயின்ஸ்பிரிங்கை ஏற்றும் ராட்செட் வீல் பல் பல்லாக நகர்ந்தது.

அடுத்து முட்கள். மெஷினைக் கேஸிலிருந்து எடுத்து, டயலைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரிகிறது: நிமிட முள் மட்டமாக இல்லை, நுனி மேலே தூக்கியிருந்தது. அழுத்திப் பொருத்தும்போது கோணலாக இறங்கியிருக்கிறது. டயல் மேல் பிளாஸ்டிக் தாள் வைத்து முட்களை எடுத்தேன். தேதி நள்ளிரவு தாண்டி 12.20-க்குத்தான் மாறிக்கொண்டிருந்தது, அதுவும் முட்களைச் சரியாகக் குறி பார்த்து வைக்காததுதான். எனவே கிரவுனைத் திருகி தேதி சட்டென்று மாறும் அந்தக் கணத்தில் நிறுத்தி, மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12-ல் வைத்தேன். நிமிட முள் மணி முள்ளுக்கு இணையாக இருக்கிறதா என்று நாலு பக்கத்திலிருந்தும் பார்த்த பிறகே செகண்ட் முள். டயலில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை நூலிழையை ரோடிகோவால், அதாவது தூசியை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற பொருளால், எடுத்தேன். கண்ணாடிக்குள் அதைப் பார்த்துப் பார்த்து சித்தப்பாவுக்கு அது டயலின் கீறல் என்றே தோன்றியிருக்கிறது.

மூடிய பிறகு எண்கள்: டயல் மேலே பார்க்க +3, வீச்சு 284, கோடு உடையவே இல்லை, சராசரி நேரத்தை எவ்வளவு குறைத்தாலும் சரி. மற்ற நிலைகள் முன்பு போலவே. ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை நான் தொடவே இல்லை, தொட வேண்டிய அவசியமும் வரவில்லை. சான்றிதழில் சொன்னபடிதான் மெஷின் ஓடுகிறது. அதே பகல் முழுக்கக் கட்டும் சோதனையைத் திரும்பச் செய்தோம். இப்போது கழற்றி வைத்தால் மறுநாள் ராத்திரியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வடிவமைப்பில் வரும் குறையை நான் பொறுத்துக்கொள்வேன். ஆங்கிலேய வாட்ச் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டுபிடித்த கோ-ஆக்ஸியல் எஸ்கேப்மென்ட்டை (பேலன்ஸ் சக்கரத்துக்கு டிக் டிக்காகச் சக்தி கொடுக்கும் பகுதி) 1999-ல் ஒமேகா விற்பனைக்குக் கொண்டு வந்தபோது அந்த 2500 மெஷின் 28,800 பீட்டில் ஓடியது, பின்னால் வந்த வடிவத்தில் 25,200-க்குக் குறைத்தார்கள். புதிதாக ஒன்றைச் செய்கிறவர்கள் அப்படித் திருத்தித் திருத்தித்தான் முன்னேற முடியும். கோணலாகப் பொருத்திய முள்ளும் வழிந்த ஆயிலும் அந்த வகை இல்லை, யாராவது பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இந்த ஓட்டை தொழிலில் இருப்பவர்களுக்கும் தெரியும். ரோலெக்ஸ் கேஸுக்குள் வைத்த பிறகு தன் சோதனையை மறுபடி செய்து நாளுக்கு ±2 செகண்ட் என்கிறது. 2015-ல் ஒமேகா கொண்டு வந்த, ஸ்விஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸின் சோதனையில் முழு வாட்சையும் வைத்து 0 முதல் +5 செகண்ட், 15,000 காஸ் காந்தம் வரை பார்க்கிறார்கள். இவர்களால் முடிகிறது என்றால் அந்த விலை வாங்கும் மற்றவர்களும் செய்யலாம்.

இந்த விலையில் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே சில விஷயம் பாருங்கள். கையால் சாவி கொடுக்கும்போது ரோட்டர் கூடச் சுற்றுகிறதா? பக்கவாட்டில் பார்த்தால் மூன்று முட்களும் இணையாகத் தெரிகின்றனவா? தேதி எத்தனை மணிக்கு மாறுகிறது? டைம்கிராஃபர் இருக்கும் கடை என்றால் டயல் மேலே பார்க்க இரண்டு நிமிடம் வைத்துக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள், எண்ணை மட்டும் காட்டினால் போதாது. வாரண்டி இருக்கும்வரை நீங்களாகத் திறக்காதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "சரியாக ஓடவில்லை" என்று எழுதாமல், "பகல் முழுக்கக் கட்டிக் கழற்றினால் எட்டு மணி நேரத்தில் நிற்கிறது, கையால் சாவி கொடுக்காமல் சோதிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்படி எழுதினால் வரம்புக்குள் இருக்கிறது என்ற பதில் செல்லாது.

பாக்கி இருப்பது ஒன்றுதான். பின்மூடி கேஸ்கெட்டுக்கு சிலிக்கான் கிரீஸ் தடவித்தான் மூடினேன், ஆனாலும் அழுத்தச் சோதனை இன்னும் செய்யவில்லை, பாய் கடையில் அதற்கான மெஷின் இல்லை. அடுத்த முறை சென்னை போகும்போது எடுத்துப் போகிறேன். அதுவரை குளிக்கும்போது கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஆம்பூரில் வாங்கிய தோல் பட்டையும் தண்ணீர் படாமல் இருக்கும்.